முகத் துல்லியம்: குறைவு

கனிராஜை அன்று பதினோராவது முறையாகக் கொன்றார்கள்.

இந்த முறை கோடரி. இடது தோளில் இறங்கி, விலா எலும்பில் மாட்டிக்கொண்டது. வெட்டியவன் அதை உருவுவதற்காகக் கனிராஜின் வயிற்றில் காலை ஊன்றி இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். பின்னாலிருந்து யாரோ, "மச்சான், அவன் மூஞ்சியப் பாரு, செமையா பண்ணியிருக்கானுங்கல்ல?" என்று சிரித்தார்கள். மூன்றாவது இழுப்பில் கோடரியோடு பாதித் தோளும் வந்தது. அதற்குப் பிறகும் பன்னிரண்டு விநாடி உயிர் இருந்தது. கனிராஜ் எண்ணிக்கொண்டே கிடந்தான். எண்ணுவது பழகிவிட்டது.

கண் விழித்தபோது தோள் முழுதாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வலி மட்டும் அங்கேயே இருந்தது, வாடகை கொடுக்காமல் குடியிருப்பவனைப் போல.

"பத்து நிமிஷம்," என்றார் வார்டர். "தண்ணி வேணுமா?"

கனிராஜ் படுத்திருந்ததைக் கைதிகள் 'தொட்டி' என்பார்கள். ஆளுயரத்துக்கு உப்புத் தண்ணீர் நிரப்பிய பெட்டி. பிடரியிலும் முதுகுத்தண்டிலும் இருபத்தாறு இடங்களில் ஊசி. அந்த ஊசிகள் வழியாக அவன் உடம்பு 'சாம்பல்கோட்டை' என்ற விளையாட்டுக்குள் போய்விடும். நாடு முழுவதும் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் சுட்டு வீழ்த்தும் எதிரிகளில் ஒருவனாக அவன் ஓடவேண்டும், ஒளியவேண்டும், சாகவேண்டும். பத்து நிமிட ஓய்வு. பிறகு மறுபடி. காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை.

பதிலுக்கு, தொட்டியில் ஒரு நாள் கிடந்தால் தண்டனையில் இருபது நாள் கழியும். ஈடு திட்டம் என்று அதற்குப் பெயர். நூறு நாள் ஒப்பந்தம். நடுவில் எழுந்து போனால் கழிந்த நாளெல்லாம் திரும்ப ஏறிக்கொள்ளும்.

ஆடுகிறவர்களுக்கு விளையாட்டு கம்பெனி சொல்லியிருந்தது இதுதான்: 'எங்கள் தன்னார்வலர்களுக்கு ஏற்படுவது மெல்லிய அதிர்வு மட்டுமே.' ஆடுகிறவர்கள் நம்பினார்கள். நம்புவது வசதியாக இருந்தது.

கனிராஜ் ஒன்றும் தும்பைப்பூ அல்ல. தண்ணீர் கேன் போடும் வண்டியை நிறுத்தும் தகராறில் ஒருவனை வீல் ஸ்பேனரால் அடித்தான். இரண்டு நாள் கழித்து அந்த ஆள் செத்துப்போனான். ஏழு வருடம். அதைச் சரி என்று கனிராஜும் சொன்னதில்லை, அவன் அக்காவும் சொன்னதில்லை.

அன்று அவனுக்கு முப்பத்தெட்டாவது நாள்.

*

சென்னை ரிச்சி தெருவின் சந்து ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது 'செண்பகம் சிஸ்டம்ஸ்'. பத்துக்கு எட்டு அடி. கேம் ஆடும் கம்ப்யூட்டர்களை உருவாக்கித் தருவதிலும், இருப்பதைத் தட்டிக்கொட்டி வேகமாக்குவதிலும் செண்பகவல்லிக்கு நிகர் அந்தத் தெருவில் இல்லை. முப்பத்தாறு வயது. கோவில்பட்டிக்காரி. கையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவளுடைய ஒரே தம்பி கனிராஜ்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை பார்க்க விடுவார்கள். கண்ணாடித் தடுப்பு. இந்தப் பக்கம் ஒரு ரிசீவர், அந்தப் பக்கம் ஒன்று.

"ஏலே, சாப்பிடுதியா?"

"சாப்பிடுதேன். பல்லுதான் ஆடுது. கடிச்சுக் கடிச்சு."

"எதைக் கடிச்சு?"

"ஒண்ணையும் இல்ல. சும்மா பல்லோட பல்லை." சிரிக்க முயன்றான். "விடுக்கா. இன்னும் அறுபது நாளு. ஓட்டிருவேன்."

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"இதயத்துல ஏதோ கோடு தப்பா விழுதாம். பாத்துக்கலாம்னாரு. அவரு எங்க பாக்கப்போறாரு? நான்தான் பாக்கணும்."

செண்பகவல்லி கண்ணாடியில் கையை வைத்தாள். அவன் கையைத் தூக்கவில்லை. இடது தோளை அசைக்க அவனுக்குப் பயமாக இருந்தது.

"எல்லா நாளும் இப்படித்தானா?"

"இல்லக்கா. ரெண்டு ரூம் உண்டு. தொட்டி மேல கார்டு மாட்டுவாவ. பச்சைக் கார்டுன்னா டப்பா சிஸ்டம்காரனுவ ஆடுற ரூம். பழைய லேப்டாப்பு, பிரவுசிங் சென்டரு, அந்த மாதிரி. செவப்புக் கார்டுன்னா பெரிய மெஷின் வச்சிருக்கவன், எல்லாத்தையும் அல்ட்ராவுல, உச்ச அளவுல வச்சு ஆடுதவன். உன் கடைக்கு வாரானுவள்லா, அவனுவதான்."

செண்பகவல்லி ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள்.

"பச்சை ரூம்ல கெடந்தா அன்னைக்குப் படுத்ததும் தூங்கிருவேன். வலி கம்மி. செவப்பு ரூம்னா விடிய விடிய உடம்பு எரியும்."

"அதே துப்பாக்கிதானலே ரெண்டு ரூம்லயும்?"

"அதே துப்பாக்கிதான். அதே கோடாலிதான். ஆனா வலி கம்மி. ஏன்னு எனக்கு என்ன தெரியும்? நீதான கம்ப்யூட்டர் படிச்சவ."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அதையே யோசித்தாள். அதே ஆயுதம். அதே உடம்பு. மாறுவது மெஷின் மட்டும். டப்பா சிஸ்டத்தில் எல்லா செட்டிங்கும் குறைவில் இருக்கும். குறைவில் வைத்தால் மெஷினுக்குப் பாரம் குறையும். மெஷினுக்கு மட்டும்தான் குறையுமா?

பதினான்கு வருடமாகப் பாரத்தைக் குறைப்பதையே தொழிலாகச் செய்கிறவளுக்கு விடை கிடைத்துவிட்டது என்று தோன்றியது.

*

"அக்கா, எழுபதுக்கு மேல ஏறமாட்டேங்குது. மானம் போகுது," என்றார் லோகநாதன்.

அவர் பல் டாக்டர். அண்ணா நகரில் கிளினிக். தொப்பை, தங்க ஃப்ரேம் கண்ணாடி, அடக்கமான சிரிப்பு. சாம்பல்கோட்டையில் அவர் பெயர் 'ரூட்கேனால்'. மாநிலத்தில் நாற்பதாவது இடம்.

"எழுபது ஃப்ரேம் போதாதா, டாக்டர்? விநாடிக்கு எழுபது படம். சினிமாவே இருபத்துநாலுதான்."

"சினிமால யாரும் என்னை முந்திக்கிட்டுச் சுடறதில்லையே! கூட ஆடறவன் மெஷின் நூறு காட்டுது. நான் பாக்கறதுக்குள்ள அவன் சுட்டுடறான். ஒரு நாளைக்கு பதினாறு பேரோட வாயைப் பாக்கறேன், அக்கா. ஒருத்தன்கூட நன்றின்னு சொன்னதில்லை. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போய் நாலு பேரையாவது வெட்டினாதான் எனக்குச் சோறு எறங்குது."

அவள் செட்டிங் பக்கத்தைத் திறந்தாள். நிழல், அல்ட்ராவிலிருந்து நடுத்தரம். எழுபத்தாறு. தண்ணீரில் தெரியும் பிம்பம், குறைவு. எண்பத்தொன்று. புகை. எண்பத்துநாலு.

கடைசியில் இருந்தது 'முகத் துல்லியம்'. எதிரியின் முகத்தில் ஓடும் ஒவ்வொரு தசையையும், கண்ணீரையும், உதட்டு நடுக்கத்தையும் அப்படியே வரைந்து காட்டும் செட்டிங். மெஷினைத் தின்பதே அதுதான். கம்பெனி விளம்பரமே அந்த முகங்களை வைத்துத்தான் என்பதால் யாரும் அதில் கை வைப்பதில்லை.

செண்பகவல்லி அதைக் 'குறைவு' என்று மாற்றினாள்.

நூற்றுநாற்பத்தொன்று.

லோகநாதன் எழுந்தே நின்றுவிட்டார். "அடேங்கப்பா! வழுக்கிட்டுப் போகுதே!" உட்கார்ந்து ஆடிப் பார்த்தார். கோட்டை மதிலுக்குப் பின்னால் ஓடிய ஒருவனின் முழங்காலில் சுட்டார். விழுந்தவன் அவரைத் திரும்பிப் பார்த்தான். முகம் என்று ஒன்று இல்லை. களிமண் உருண்டையில் இரண்டு குழி. "மூஞ்சி மட்டும் கொழுக்கட்டை மாதிரி ஆயிடுச்சே."

"உங்களுக்கு மூஞ்சி வேணுமா, ஃப்ரேம் வேணுமா?"

"இதென்ன கேள்வி?" என்றபடி கொழுக்கட்டையின் மீது மேலும் நான்கு குண்டு போட்டார்.

செண்பகவல்லி அந்தக் களிமண் முகத்தைப் பார்த்து மனதுக்குள் சொன்னாள்: உனக்கு இனிமேல் வலிக்காதுப்பா.

அன்று மட்டும் ஒன்பது மெஷின்களில் அதை மாற்றினாள். மறுநாள் பதினாலு. வந்தவர்கள் பெருமையடித்துக்கொண்டார்கள். ஒருவன் வீடியோ போட்டான். 'அக்கா செட்டிங்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். டப்பா லேப்டாப்கூட நூறு காட்டியது. பெங்களூரிலிருந்தும் போபாலிலிருந்தும் ஆட்கள் கடைக்கு போன் செய்து நன்றி சொன்னார்கள். அவள் ஒவ்வொருவரிடமும், "முகத் துல்லியத்தை மறக்காம குறைவுல வைங்க. அதுதான் முக்கியம்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மூன்றே வாரத்தில் நாட்டில் பாதிப் பேர் அப்படித்தான் ஆடினார்கள்.

அவளுடைய தம்பிக்கு யாரும் செய்யமுடியாததை ஒரே ஒரு பட்டனில் செய்துவிட்டதாக நினைத்தாள். அந்த மூன்று வாரமும் நன்றாகத் தூங்கினாள்.

*

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தவன் கனிராஜ்தானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

நாக்கில் தையல் போட்டிருந்தார்கள். ரிசீவரைப் பிடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டது.

"முப்பத்திநாலு," என்றான்.

"என்னலே?"

"நேத்து. முப்பத்திநாலு தடவை. முன்ன பதினொண்ணு, பன்னெண்டு."

"வலி? வலி கம்மியாயிருக்குமே?"

அவன் அவளை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"என்னக்கா பேசுத? பச்சைக் கார்டே இப்போ கெடையாது. எல்லாம் செவப்பு. எல்லாப் பயலும் வேகமா வாரான், குறி தப்பாம அடிக்கான். முன்ன செவப்பு ரூம்லகூட ஒருத்தன் ரெண்டு பேரு நம்ம மூஞ்சியப் பாத்தா கொஞ்சம் நிப்பான். விரலு தயங்கும். அந்த இடைவெளியில ஓடிருவேன். இப்போ ஒருத்தனும் நிக்கதில்ல. நேத்து ஒருத்தன் என் கையை வெட்டிட்டு, அப்புறம் இன்னொரு கையை வெட்டிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டே காலுக்கு வந்தாம்க்கா. 'அண்ணே, நெத்தியில சுட்ருங்கண்ணே'ன்னு கெஞ்சுதேன். என்னைப் பாக்கவே இல்ல அவன். சுவரைப் பாக்குற மாதிரி பாக்கான்."

"கை காலை வெட்டினா என்ன கெடைக்கும் அவனுக்கு?"

"நெத்தியில சுட்டா ஒரு புள்ளி. ஒரு கைக்கு மூணு. ஒரு காலுக்கு மூணு. எவன் நெத்தியில சுடுவான்?"

அவள் ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"அடுத்த தொட்டியில கெடந்த அந்தோணி செவ்வாக்கிழமை முழிக்கல. உள்ள செத்தவன் வெளியவும் செத்துட்டான். இதயம். எனக்கும் அதே கோடுதான் விழுதாம்." கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். "இன்னும் முப்பத்தொன்பது நாளு இருக்குக்கா. முடியாது."

*

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஓர் இளைஞன் கடைக்கு வந்தான். இஸ்திரி கலையாத சட்டை. கையில் ஸ்வீட் பாக்ஸ்.

"செண்பகம் மேடம்? நான் பார்கவ். சாம்பல்கோட்டைல என்ஜினீயர். உங்களைத் தேடிக் கண்டுபிடிக்கவே நாலு பேர்கிட்ட விசாரிச்சேன்." படிக்கட்டுக்குத் தலையைக் குனிந்து உள்ளே வந்தான். "நீங்க எங்க எல்லாரையும் காப்பாத்திட்டீங்க."

"நானா?"

"எங்க கேமுக்கு மெஷின் போதலைன்னு பாதிப் பேர் விட்டுட்டுப் போயிட்டிருந்தாங்க. உங்க செட்டிங் வந்ததும் எல்லாரும் திரும்பிட்டாங்க. ஒரு மணி நேரத்துல விழற அடி மூணு மடங்கு ஏறியிருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை அப்டேட்ல இதையே எல்லாருக்கும் கொடுக்கப்போறோம். உங்க பேர் போட்டே!"

செண்பகவல்லி ஒரு மதர்போர்டுக்குச் சால்டர் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். முகத் துல்லியத்தைக் குறைச்சா, தொட்டில இருக்கறவனுக்கு வலி குறையும்ல?"

பார்கவ் சிரித்தான். கேள்வி நிஜமானது என்று புரிந்ததும் சிரிப்பு நின்றது.

"மேடம்... அது கிராஃபிக்ஸ். ஆடுறவர் திரையில படம் எப்படித் தெரியணும்ங்கறது. அவங்க வீட்டு மெஷின்லயே முடிஞ்சிடும். தொட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அடி எங்க சர்வர்லேருந்து போகுது. அது எல்லாருக்கும் ஒரே அளவுதான்."

"ஒரே அளவு."

"ஆமா."

"பச்சைக் கார்டு ரூம்ல வலி கம்மின்னாங்களே?"

"பழைய மெஷின் திக்கித் திக்கி ஓடும். அதுல ஆடுறவங்க சுட்டா பத்துல ஒண்ணுதான் படும். அதனால கம்மியா இருந்திருக்கும்." உற்சாகமாகச் சொன்னான். கணக்கு விளக்குவது அவனுக்குப் பிடித்திருந்தது. "இப்ப உங்க செட்டிங்ல பத்துல எட்டு படுது. இன்னொண்ணும் கண்டுபிடிச்சோம். முகம் தெரிஞ்சா மனுஷன் அரை விநாடி தயங்கறான், மேடம். முகம் தெரியலைன்னா தயங்கறதே இல்லை. நாங்க கோடிக்கணக்குல செலவு பண்ணி வரைஞ்ச முகம்தான் எங்க கேமையே மெதுவாக்கிட்டிருந்தது!"

"மெல்லிய அதிர்வுன்னு போட்டிருக்கீங்களே."

"அது சட்ட டிபார்ட்மென்ட் எழுதினது."

"அப்போ எதுக்கு நிஜ மனுஷன்? பொம்மையை ஓடவிட வேண்டியதுதானே?"

"பொம்மை வலிக்கிற மாதிரி நடிக்கும். ஓடறது, ஒளியறது, தவழ்றது எல்லாத்துலயும் அது தெரிஞ்சுடும். ஆடுறவங்க மூணே நாள்ல கண்டுபிடிச்சுடறாங்க. அப்புறம் போரடிக்குதுன்னு போயிடறாங்க." அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னான். "அவங்க எல்லாம் கையெழுத்துப் போட்டுத்தானே வந்திருக்காங்க, மேடம்."

செண்பகவல்லி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பதினான்கு வருடம் ஸ்க்ரூ திருகிய கை. அவன் உள்ளங்கையை மேஜையில் வைத்து அழுத்தினாள். மற்றக் கையில் இருந்த சால்டரிங் அயர்ன் முனையில் புகை வந்தது.

"மேடம்?"

"என் தம்பி உள்ள இருக்கான்."

"மேடம், ப்ளீஸ்..."

"நான் இப்போ கண்ணை மூடிக்கறேன். உன் மூஞ்சி எனக்குத் தெரியாது. சுடுதான்னு சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

அவன் போட்ட கத்தலில் எதிர்க்கடை கேபிள்காரர்கள் ஓடிவந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து அவளைப் பிரிக்கவேண்டியிருந்தது. கருகிய தோல் வாசம் மாடிப்படிக்குக் கீழே தங்கிவிட்டது. பார்கவ் தரையில் உட்கார்ந்து கையை மார்போடு அணைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

"போலீஸைக் கூப்பிடவா?" என்றார் ஒரு கேபிள்காரர்.

பார்கவ் தலையை ஆட்டினான். வேண்டாம். எழுந்து படியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் புகார் கொடுத்தா ஏன் சுட்டீங்கன்னு கேப்பாங்க," என்றான். "நீங்க சொல்லுவீங்க. எங்களுக்கு அது ஆகாது." ஸ்வீட் பாக்ஸை எடுக்காமல் போனான்.

வெள்ளிக்கிழமை அப்டேட் வந்தது. அவள் பெயர் போடவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

*

அவளும் ஒரு வீடியோ போட்டாள். 'நான்தான் செண்பகம். நான் சொன்னது தப்பு. முகத் துல்லியத்தை மறுபடி அல்ட்ராவுக்கு மாத்துங்க. உள்ளே இருக்கிறது மனுஷங்க.' கைகூப்பிக்கூடச் சொன்னாள்.

'அறுபது ஃப்ரேம்ல எவன் ஆடுவான், அக்கா?' என்று ஒருவன் எழுதினான். 'அக்காவுக்குக் கம்பெனி ஆப்பு வெச்சிருச்சு போல' என்று இன்னொருவன். லோகநாதன் கிளினிக்குக்கு லீவு விட்டுவிட்டு நேரிலேயே வந்தார்.

"அக்கா, நானே ஊசி போடறவன். வலி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அதெல்லாம் ஒண்ணும் இருக்காது. சும்மா குழப்பிக்காதீங்க."

"டாக்டர், உங்க பேஷன்ட் முகத்துல துணியைப் போட்டு மூடிட்டா பல்லு மரத்துப்போயிடுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நான் இருபதாவது இடத்துக்கு வந்துட்டேன், அக்கா," என்றார், ஏதோ அதுதான் பதில் என்பதுபோல.

அவர் போன பிறகு செண்பகவல்லி கடைக் கதவைப் பாதி இறக்கினாள். அலமாரியில் இருந்ததிலேயே பெரிய கிராஃபிக்ஸ் கார்டை எடுத்தாள். மதியத்துக்குள் ஒரு மெஷினைக் கட்டி முடித்தாள். வாழ்க்கையில் முதன்முறையாகத் தனக்காக.

தம்பி கேட்டது ஒன்றுதான். நெற்றியில் ஒரு குண்டு. உடனே சாவு, உடனே பத்து நிமிட ஓய்வு. எட்டு மணி நேரத்தில் யாராவது ஒருவர் ஒவ்வொரு முறையும் முதலில் போய் அதைச் செய்துவிட்டால், அவன் நாளின் பெரும்பகுதி ஓய்வில் போய்விடும்.

ஆனால் அவன் யார் என்று தெரியவேண்டுமே. களிமண் உருண்டைகளில் எது கனிராஜ்?

நிழலை அடியோடு நிறுத்தினாள். தண்ணீர், புகை, புல், மரம் எல்லாவற்றையும் குறைவுக்கும் கீழே தள்ளினாள். முகத் துல்லியத்தை மட்டும் அல்ட்ராவுக்கு ஏற்றினாள். எண்பத்தெட்டு ஃப்ரேம். மற்றவர்களுக்கு நூற்றுநாற்பது. பரவாயில்லை.

உள்ளே போனாள்.

கோட்டை வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளாக நின்றது. வானம் இல்லை. தரையில் ஒரு புல் இல்லை. அந்த வெறுமையில் முகங்கள் மட்டும் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தன. வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்த நரைத்தாடிக் கிழவர். குடலைக் கையில் அள்ளிக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் திகைத்து நின்ற ஒருவன். அவனைச் சுற்றி மூன்று பேர் புள்ளிக் கணக்கு பேசிக்கொண்டிருந்தார்கள்.

நாற்பது நிமிடம் தேடினாள். வடக்கு மதிலோரம் பழக்கமான குரல் கேட்டது.

"ஒண்ணு முடிஞ்சுது. அடுத்தது எந்தப் பக்கம்?"

ரூட்கேனால். கையில் நீளமான வாள். அவர் காலடியில் ஒரு கை கிடந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரன் சுவரில் சாய்ந்து, ரத்தம் பீறிடும் தோளை மறு கையால் அடைத்துக்கொண்டிருந்தான்.

கனிராஜ்.

டாக்டரைச் சுடலாம். அவர் அவளுடைய அணி. சுட்டால் அவளை வெளியே தள்ளிவிடுவார்கள், தம்பி வேறு எவன் கையிலாவது கிடப்பான். துப்பாக்கியைத் தம்பியின் நெற்றிக்கு உயர்த்தினாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குத் தெரிந்தது இரும்புத் தலைக்கவசம் போட்ட ஒரு சிப்பாய். அவளுக்குத் தெரிந்தது எல்லாம். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து புருவத்தில் விழுந்த தழும்பு. கன்னத்தில் இறங்கிய கண்ணீரில் ஒட்டியிருந்த மண். உதடு அசைந்தது.

அவள் விரல் தயங்கியது.

அரை விநாடி. அந்த அரை விநாடியில் டாக்டரின் வாள் இறங்கி இரண்டாவது கையும் போனது. கனிராஜின் அலறல் ஹெட்செட்டைக் கிழித்தது. "ஆறு!" என்றார் டாக்டர்.

செண்பகவல்லி சுட்டாள்.

நெற்றியில் ஒரு பொட்டு. முகம் அப்படியே அடங்கியது.

"யோவ், யாருய்யா நீ? என் ஆளைப் போட்டுட்டே! இன்னும் ரெண்டு கால் பாக்கி இருந்ததுய்யா!" என்று டாக்டர் கத்தினார். அவள் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம்.

ஆறு மணிக்குள் தம்பியை மேலும் பதினாறு முறை கொன்றாள். ஒன்பது முறை மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். மறுநாள் அவர்கள் முந்தியது ஐந்து முறை. அதற்கடுத்த நாள் இரண்டே இரண்டு. தயங்குவதை அவள் நிறுத்திவிட்டிருந்தாள்.

போகிற வழியில் மற்ற முகங்களும் இருந்தன. முதல் வாரம் அவற்றைக் கடந்து ஓடினாள். இரண்டாவது வாரம் அந்த நரைத்தாடிக் கிழவர் அவளைப் பார்த்து எழுந்து நின்றார், ஓடவில்லை. அவருக்கும் ஒன்று கொடுத்தாள்.

*

பார்க்க விடும் அடுத்த ஞாயிறு. எண்பத்திரண்டாவது நாள் முடிந்திருந்தது. கனிராஜ் ரிசீவரை ஒரு கையால் எடுத்தான். நாக்குத் தையல் பிரித்திருந்தார்கள்.

"கொஞ்சம் தேவலையாலே?"

"தேவலக்கா. கோடு நேராயிட்டுன்னு டாக்டரு சொன்னாரு." குரலைத் தாழ்த்தினான். "உள்ள ஒருத்தன் வாரான். யாருன்னு தெரியல. பேசவே மாட்டான். எங்க ஒளிஞ்சிருந்தாலும் தேடி வந்து நெத்தியில ஒண்ணு. அவ்வளவுதான். வலி தெரியுறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"அப்படியா."

"மொதல்ல பேயின்னு நெனச்சு ஓடுனேன். இப்போ அவனைக் கண்டா நானே எந்திரிச்சு நின்னு நெத்தியக் காட்டுதேன். மத்தவனுவளும் அப்படித்தான். அவன் வந்தா வரிசையில நிப்போம், ரேஷன் கடை மாதிரி." சிரித்தான். உண்மையாகவே சிரித்தான். "மொத நாளு மட்டும் கொஞ்சம் முழிச்சான். என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னான். எல்லாவனும் மூஞ்சி தெரியாமத்தான் ஆடுதானுவன்னு வார்டரு சொன்னாரு. அப்போ இவனுக்கு மட்டும் எப்படித் தெரியுதுன்னு பக்கத்துத் தொட்டிக்காரன்கூடக் கேட்டான்."

செண்பகவல்லி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். வேறு எங்கோ பார்த்தாள்.

"இன்னும் பதினெட்டு நாளு," என்றான் கனிராஜ். "அவன் மட்டும் தினமும் வந்துட்டாம்னா நான் உசுரோட வெளிய வந்துருவேன். சாமிகிட்ட வேண்டிக்கோக்கா, அவன் வரணும்னு."

"வருவாம்லே."

அவள் சொன்ன வேகத்தில் கனிராஜ் நிமிர்ந்தான். கண்ணாடி வழியாக அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தான். மணி அடித்தது. வார்டர் அவன் தோளைத் தொட்டார். எழுந்து, ரிசீவரை வைக்கப் போனவன் மறுபடி காதில் வைத்தான்.

"காலையில கொஞ்சம் சீக்கிரமா வரச் சொல்லுக்கா," என்றான்.